காரணம் என்கிற கட்டம்

1

இந்தக் கதை ஒரே ஒரு பக்கத்தில் முடிந்திருக்க வேண்டியது. இருநூறு சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தலைப்பைக்கூட அவர்களே போட்டுவிட்டார்கள்: 'அவசரகாலச் சேமிப்பு – ஓர் உதாரணக் கதை'.

நான் ஒரு கல்லூரியின் மாணவர் நலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விடுதியில் அறை ஒதுக்குவது, தொலைந்த அடையாள அட்டைக்கு மாற்று அட்டை கொடுப்பது, உதவித்தொகை வராமல் அழுதுகொண்டு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பது, இதெல்லாம் என் வேலை. இந்த வருடம் புதிதாக ஒன்று தலையில் விழுந்தது. முதல் வருட மாணவர்களுக்குப் பணத்தைப் பற்றி ஒரு கையேடு. இருபத்துநான்கு பக்கம். மாதா மாதம் கைக்கு வருவதை எப்படிப் பங்கிடுவது, செலவை எப்படி எழுதிவைப்பது, எது தேவை, எது ஆசை, கிரெடிட் கார்டு தருகிறேன் என்று யாராவது சிரித்துக்கொண்டே வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது. பதினேழாம் பக்கத்தில் ஒரு கதை.

"பசங்க புத்திமதி சொன்னா படிக்க மாட்டாங்க. கதைன்னா படிப்பாங்க," என்றார் என் மேலதிகாரி. "ஒரு பொண்ணு. கொஞ்சம் கொஞ்சமா சேத்து வைக்கிறா. திடீர்னு ஒரு கஷ்டம். அந்தப் பணம் அவளக் காப்பாத்திடுது. அவ்வளவுதான். உங்களுக்குத்தான் எழுத வருமே!"

எழுத வரும். வந்ததுதான் வினை. அதைப் பிறகு சொல்கிறேன்.

உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

'ஒரு கல்லூரி விடுதி அறையில் நான்கு தோழிகள் இருந்தார்கள். வாரம் தவறாமல் ஆளுக்கு ஐம்பது சேர்த்துவைத்தார்கள். ஒருநாள் அவர்களில் ஒருத்திக்கு'

அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அப்படி ஓர் அறை நிஜமாகவே இருந்தது. நான்கு பேர் இருந்தோம். ஆளுக்கு ஐம்பது போட்டோம். ஒருநாள் எங்களில் ஒருத்திக்குப் பணம் தேவைப்பட்டது. பணம் இருந்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்று சொன்னவள் நான்.

சொல்லியாயிற்று. இனி அந்த வயதில் இருந்த என்னை 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். தள்ளி நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும் என்பதற்காக. (சரி, பூசி மெழுகுவானேன். 'நான்' என்று எழுதினால் கூசுகிறது. அதற்காகவும்தான்.)

2

அறையில் நான்கு கட்டில். அதை வைத்துத்தான் பெயர்.

ஜன்னலோரக் கட்டில்காரிக்கு ஜன்னல் என்று பெயர். கதவருகே படுத்தவள் கதவு. மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துக்கொண்டவள் ஃபேன். நாலாவது கட்டில் இரும்பு அலமாரியை ஒட்டி இருந்தது. அதில் இருந்தவளை முதலில் அலமாரி என்றுதான் கூப்பிட்டார்கள். பொதுப் பணம் அவளுடைய தட்டில் வைக்கப்பட்ட நாளிலிருந்து பெயர் மாறி கஜானா ஆனது. நம்முடைய ஆள் இந்தக் கஜானாதான்.

கஜானா வணிகவியல் படித்தாள். அறையில் செலவு கணக்கு எழுதும் பழக்கத்தைக் கொண்டுவந்ததே அவள்தான். "மொத மாசம் எதையும் குறைக்காதீங்க. எழுத மட்டும் செய்யுங்க," என்றாள். இது நல்ல யோசனை. கையேட்டின் ஆறாம் பக்கத்திலும் இதையே எழுதியிருக்கிறேன். எழுதிப் பார்த்ததில், பாடப் புத்தகத்துக்குச் செலவழித்ததைப் போல மூன்று மடங்கு கதவு டீக்குச் செலவழித்திருந்தாள். "அப்ப டீயப் படிச்சாலே பாஸ் பண்ணிடலாம் போலிருக்கே," என்றாள் ஃபேன். ஒரு வாரம் அதைச் சொல்லியே அவளை ஓட்டினார்கள்.

அடுத்தது அவசர நிதி. திங்கட்கிழமை காலை வகுப்புக்குக் கிளம்பும் முன் ஆளுக்கு ஐம்பது. ஜிப் வைத்த ஒரு பென்சில் பையில் பணம். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. கஜானா அளவுகோல் வைத்துக் கோடு போட்டாள். தேதி. பெயர். தொகை. காரணம். பிறகு மற்ற மூவரும் கையெழுத்துப் போட மூன்று சின்னக் கட்டங்கள்.

காரணம் என்கிற கட்டம்தான் இருப்பதிலேயே அகலம்.

நோட்டின் அட்டையின் உட்பக்கத்தில் விதிகள். நாலாவது விதி: காரணம் எழுதாமல் பணம் இல்லை. அடியில் இரண்டு கோடு.*

* இரண்டாவது கோட்டைச் சிவப்புப் பேனாவால் போட்டாள். இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று முறை அடித்துத் திருத்தினேன். இருக்கட்டும்.

3

அந்த நிதியிலிருந்து முதன்முதலில் பணம் எடுத்தது யார் தெரியுமா? கஜானா.

போன் கீழே விழுந்து திரை சுக்கல் சுக்கலாகிவிட்டது. மாற்ற ஆயிரத்து அறுநூறு. அன்று காரணக் கட்டத்தில் அவள் எழுதியது இது: 'பேராசிரியர்கள் பாடக் குறிப்புகளைப் போன் வழியாகவே அனுப்புவதால், திரை இன்றி வகுப்பைத் தொடர இயலாது. எட்டு வாரத்தில் திருப்பிச் செலுத்தப்படும்.'

எவ்வளவு நேர்த்தி பாருங்கள். பாடக் குறிப்பு வந்தது உண்மை. அதை ஃபேனின் போனில் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் உண்மை. அந்தப் போனில் அவள் பார்த்ததில் முக்கால்வாசி பாடம் இல்லை என்பது அதைவிட உண்மை. ஆனால் வாக்கியம் கட்டத்துக்குள் அழகாக உட்கார்ந்தது. மூன்று பேரும் படித்துவிட்டு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். ஜன்னல்தான் முதலில் போட்டாள். "நல்லா எழுதற கஜானா. அரசாங்கத்துக்கே மனு போடலாம்," என்றும் சொன்னாள்.

எட்டு வாரத்தில் பணத்தைத் திருப்பிக் கட்டினாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆகவே கஜானா தன்னை மிகவும் ஒழுங்கான ஆள் என்று நம்பினாள்.

இரண்டாவதாகக் கேட்டது கதவு. சிநேகிதிகளோடு மூன்று நாள் சுற்றுலா. 'மன நிம்மதி' என்று காரணம் எழுதினாள். மூவரும் சிரித்தார்கள், கையெழுத்து விழவில்லை. கதவும் சிரித்தாள். ஆனால் மனதில் வைத்துக்கொண்டாள்.

4

முதல் முயற்சி:

'அன்று மழை பெய்துகொண்டிருந்த'

(பெய்யவில்லை. நல்ல வெயில். வெட்கப்படுகிற இடத்தில் மழையை வரவழைப்பது மழைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான்.)

இரண்டாம் முயற்சி:

'ஜன்னலின் கண்களில் ஏதோ ஒரு சோகம்'

(அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

மூன்றாம் முயற்சி. இது போதும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அறைக்குள் குறுக்கே கொடி கட்டி நான்கு பேர் துணியும் காய்ந்துகொண்டிருந்தது. வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கஜானா தரையில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் தானே போய் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து, தேதியும் பெயரும் தொகையும் எழுதிவிட்டு, கொண்டுவந்து நீட்டினாள்.

"நாலாயிரத்து இருநூறு வேணும். நாளைக்குள்ள."

பையில் அன்று ஆறாயிரத்து எண்ணூறு இருந்தது. முப்பத்துநான்கு வாரச் சேமிப்பு. கேட்ட தொகைக்குத் தாராளமாகக் காணும்.

"காரணம் எழுதலியே?"

"எழுத முடியாது கஜானா."

"வாயாலயாவது சொல்லேன்."

"அதுவும் முடியாது. வேணும். அவ்வளவுதான்."

கட்டிலில் படுத்திருந்த ஃபேன் எழுந்து உட்கார்ந்தாள். "குடுத்துடலாமே. கேக்கறது என்ன தெருவுல போறவங்களா?"

கதவு தலையணையைத் தட்டிப் போட்டாள். "எனக்கொண்ணும் இல்லப்பா. ஆனா நான் கேட்டப்ப காரணம் சரியில்லன்னு சொல்லிச் சிரிச்சீங்க. நானாவது ஒண்ணு எழுதினேன். இவ எழுதவே இல்ல. ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? கஜானா, நீயே சொல்லு."

இந்த இடத்தில் கஜானாவுக்கு ஒரு நிமிடம் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தைச் சுற்றித்தான் இவ்வளவு தாளும் செலவாகிறது. அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் இருந்தது. கூடவே நோட்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்றும் இருந்தது. பத்துப் பக்கம் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்த நோட்டு. அதில் ஒரு வெற்றுக் கட்டம் அவளுக்குப் பொறுக்கவில்லை.

குரலைத் தாழ்த்திக்கொண்டு, பெரிய உதவி செய்கிறவள்போல, "ஏதாவது ஒண்ணு எழுதிடு. பல்வலின்னு எழுது. யாரு வாயத் தொறந்து பாக்கப்போறாங்க?" என்றாள்.

"பல்வலின்னு எழுதினா குடுப்பியா?"

"குடுப்பேன்."

"எனக்குப் பல்வலி இல்லன்னு உனக்கே தெரியுமே."

"தெரியும். ஆனா நோட்டுல காரணம்னு ஒண்ணு இருக்கணும்ல?"

ஜன்னல் சொன்னாள்: "உண்மைய எழுதினா நீங்க மூணு பேரும் படிப்பீங்க. பொய்ய எழுதினா நான் தினமும் படிப்பேன். ரெண்டும் வேணாம்."

5

அவள் அப்படிச் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது நான் எழுதிய வாக்கியம். பதினைந்து வருடமாகக் குளிக்கும்போதும் பேருந்தில் நிற்கும்போதும் மனதுக்குள் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியது. நிஜத்தில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "வேணாம், விடு." நோட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய், கொடியில் கிடந்த தன் துணியைத் திருப்பிப் போட்டாள்.

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தால் ஜன்னல் ஏதோ தியாகி போல நிற்கிறாள். பணத்தைத்தான் கொடுக்கவில்லை, நல்ல வசனமாவது கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று பார்க்கிறேன் போலிருக்கிறது. கைக்காசு செலவில்லாத பரிகாரம்.

ஆகவே சொல்லிவிடுகிறேன். ஜன்னல் தன் சோப்பைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைப்பாள். அடுத்தவர் சீப்பைக் கேட்காமல் எடுப்பாள், அதில் முடியை அப்படியே விட்டும் வைப்பாள். பாட்டு வராது, ஆனாலும் பாடுவாள். கோபம் வந்தால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். (இந்தப் பத்தியை நான் பிற்பாடுதான் சேர்த்தேன். யார் சேர்க்கச் சொன்னார்கள் என்பது எட்டாம் பகுதியில் வருகிறது.)

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை கஜானாவின் சொந்த வங்கிக் கணக்கில் மூவாயிரத்து நூறு இருந்தது. 'பொதுப் பணத்துக்குத்தானே விதி, இதை வைத்துக்கொள்' என்று கொடுத்திருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவில்லை என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். தோன்றியது. தோன்றிய உடனே, 'அது என் அவசரத்துக்கு' என்றும் தோன்றியது.

6

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மெதுவாகச் சொன்னால் நிறுத்திவிடுவேன்.

ஜன்னலிடம் தேர்வுக் கட்டணம் தயாராக ஓர் உறையில் இருந்தது. பத்து நாள் முன்பு அவள் எண்ணிவைத்ததைக் கதவு பார்த்திருக்கிறாள். திங்கட்கிழமை அந்த உறை இல்லை. எங்கே கொடுக்க வேண்டுமோ அங்கே கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கட்டணம் கட்டக் கடைசி நாள். கட்டவில்லை.

அபராதத்தோடு கட்ட இன்னும் ஒரு வாரம் அவகாசம் இருந்தது. 'தேர்வுக் கட்டணம்' என்று நோட்டில் எழுதினால் போதும். அதைவிடச் சுத்தமான காரணம் உலகத்தில் உண்டா? கஜானா நோட்டை மேசைமேல், எல்லோர் கண்ணிலும் படும்படி எடுத்துவைத்தாள். ஜன்னல் வந்து எழுதுவாள் என்று காத்திருந்தாள். 'நானே எழுதுகிறேன், நீ பணத்தை எடுத்துக்கொள்' என்று சொல்ல வாய் வரவில்லை. விண்ணப்பம் அந்தப் பக்கத்திலிருந்துதானே வர வேண்டும்?

வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜன்னலின் கட்டில் காலி. படிப்பு அதோடு நின்றது.

அவள் பங்கு ஆயிரத்து எழுநூறு. கஜானா அதை ஒரு காசு குறையாமல் உறையில் போட்டுக் கதவிடம் கொடுத்தனுப்பினாள். கூடவே ஒரு ரசீது. 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கி வரச் சொன்னாள். வந்தது. அதை நோட்டில் பசை தடவி ஒட்டினாள்.

இதுகூடப் பரவாயில்லை. வருடக் கடைசியில் மீதி மூன்று பேருக்கும் ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு வந்தது. மூவரும் ஒரு நல்ல ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு கேக் வாங்கி வெட்டினார்கள். வெட்டும்போது கஜானா ஒரு சின்னப் பேச்சே பேசினாள். "வருஷம் பூரா ஒரு அவசரமும் வரல. அதுக்காக!" என்றாள். கதவு கை தட்டினாள். ஃபேன் தட்டவில்லை, கேக்கும் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள்.

இதை எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

7

மேலதிகாரி முடிவு கேட்கிறார். கையிருப்பில் மூன்று இருக்கிறது.

முடிவு அ: ஜன்னல் 'பல்வலி' என்று எழுதுகிறாள். பணம் கிடைக்கிறது. தேர்வு எழுதுகிறாள். இதில் எல்லோரும் பிழைத்துக்கொள்கிறார்கள். மாணவர்களுக்குக் கிடைக்கும் நீதி: நன்றாகப் பொய் எழுதப் பழகுங்கள். நலப் பிரிவின் முத்திரையோடு இதை வெளியிட முடியாது.

முடிவு ஆ: ஜன்னல் உண்மையை எழுதுகிறாள். மூவரும் கண் கலங்கிக் கையெழுத்துப் போடுகிறார்கள். இதை எழுதுவதென்றால் உண்மை என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரியாது. கற்பனை செய்து பார்த்தேன். வீட்டில் யாருக்கோ உடம்பு, யாரோ பிடிபட்டார்கள், யாரோ மிரட்டினார்கள், எங்கோ மானம் போகிற மாதிரி ஒரு பாக்கி. ஒவ்வொன்றாக எழுதிக் கிழித்துப் போட்டேன். ஐந்தாவதைக் கிழிக்கும்போதுதான் உறைத்தது. அவள் நிரப்ப மறுத்த கட்டத்தை, அவளைக் கேட்காமலே நான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு இ: கஜானா போய் மன்னிப்புக் கேட்கிறாள்.

இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. படிப்பு நின்றபின் ஜன்னல் இந்த ஊரிலேயே ஒரு நகலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு அதையே விலைக்கு வாங்கினாள். எட்டு வருடமாகக் கல்லூரியின் முன்வாசலுக்கு எதிரே அவளுடைய கடை. எட்டு வருடமாகக் கஜானா பின்வாசல் வழியாகத்தான் வேலைக்கு வருகிறாள். அதனால் தினமும் ஏழு நிமிடம் கூடுதல் நடை. கேட்டவர்களிடம், "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்," என்று சொல்லிவைத்திருக்கிறாள். இதற்கும் ஒரு நல்ல காரணம் அவளுக்குக் கிடைத்துவிட்டது பாருங்கள்.

கையேட்டை அச்சடிக்கும் ஒப்பந்தம் இந்த வருடம் முன்வாசல் கடைக்குப் போயிருக்கிறது. கோப்பைக் கையில் கொடுத்து, பக்கங்களைச் சரிபார்த்து வாங்கி வரச் சொல்லிவிட்டார் மேலதிகாரி.

8

இன்று காலை பதினோரு மணி. கடையில் இரண்டு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சூடான தாளின் வாசனை. பேனா, உறை, ஸ்பைரல் வளையங்கள் எல்லாம் அளவுவாரியாகக் கண்ணாடிப் பெட்டியில். ஜன்னல் கழுத்தில் சங்கிலி கட்டிய மூக்குக்கண்ணாடியோடு, ஓரம் வெட்டும் கத்தியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம். எத்தன காப்பி?"

"எண்ணூறு," என்றாள் கஜானா.

ஜன்னல் பென்டிரைவை வாங்கிச் செருகினாள். திரையில் பக்கங்கள் ஓடின. கண்ணை எடுக்காமலே, "பின்கேட்டு வழியில நாய்த் தொல்லை இல்லியா?" என்று கேட்டாள்.

எட்டு வருடமும் தெரிந்திருக்கிறது.

"பதினேழாம் பக்கம் காலியா இருக்கே?"

"கதை. எழுதிட்டிருக்கேன்."

"என்ன கதை?"

"ஒரு ரூம். நாலு பேரு."

மிஷின் துப்பிய ஒரு கட்டுத் தாளை ஜன்னல் தட்டி அடுக்கினாள். "நான் இருக்கேனா அதுல?"

"இருக்க."

"நல்லவளா?"

"ரொம்ப."

"அப்ப அது நான் இல்ல. சோப்ப ஒளிச்சு வச்சத எழுது."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று கஜானா அவசரப்பட்டாள். மன்னிப்பைத்தான் கேட்க வந்தாள். நாக்கில் வந்தது வேறு.

"இப்பவாவது சொல்லேன். அன்னைக்கு எதுக்குக் கேட்ட?"

ஜன்னல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"காரணம் தெரிஞ்சாத்தான் மன்னிப்புக் கேப்பியா கஜானா?"

(இது நான் எழுதிய வாக்கியம் இல்லை. எழுத்து மாறாமல் அவள் சொன்னது.)

பதினைந்து வருடத்தில் கஜானா ஒரு அடி நகர்ந்திருக்கவில்லை. அதே நோட்டு, அதே கட்டம். நோய் என்றால் இவ்வளவு வெட்கம், திருட்டு என்றால் கொஞ்சம் குறைவு என்று எடைபோட்டு வெட்கப்படத்தான் காரணம் கேட்டிருக்கிறாள். எனக்கும் கதைக்கு ஓர் உச்சக்கட்டம் தேவைப்பட்டது. இரண்டும் சேர்ந்துதான் அந்தக் கேள்வி.

"ரசீதுல கையெழுத்து வாங்கினியே. இன்னும் வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

"நல்லது. கணக்கு சரியா இருக்கணும்ல," என்று சொல்லிவிட்டு, திரையைக் கஜானாவின் பக்கம் திருப்பினாள். "இதப் பாரு. கடைசிப் பக்கம்."

கடைசிப் பக்கத்தில் மாணவர்கள் நகலெடுத்துக்கொள்ள ஒரு படிவம். 'அறை நண்பர்கள் அவசர நிதிப் பதிவேடு'. போன மாதம் நான் யோசிக்காமல் கைப் பழக்கத்தில் போட்டது. தேதி. பெயர். தொகை. காரணம். மூன்று கையெழுத்துக் கட்டம். எண்ணூறு பிரதி.

"கட்டம் பக்கத்துக்குள்ள அடங்கல," என்றாள் ஜன்னல், தொழில்காரியின் குரலில். "காரணம் கட்டம் ரொம்ப அகலம். இப்படியே பைண்ட் பண்ணினா இந்த ஓரத்துல கையெழுத்துப் போடற இடம் வளையத்துக்குள்ள போயிடும். காரணத்தச் சின்னதாக்கணும், இல்ல எடுத்துடணும். எதுன்னு சொல்லு. நாலு மணிக்கு மிஷின்ல ஏத்தணும்."

பின்னால் மாணவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். கஜானா ஓரமாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

9

அந்த நாற்காலியில்தான் இன்னும் இருக்கிறேன். 'அவள்' என்று எழுத இனி முடியவில்லை. ஜன்னல் என் எதிரில் நிற்கிறாள். வீணாய்ப்போன நகல்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி மூன்று நாற்பது.

காரணத்தை எடுத்துவிட்டால் மேலதிகாரி என்ன சொல்வார் என்று தெரியும். "அப்புறம் யார் வேணும்னாலும் அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்களே!" அவர் சொல்வதும் தவறில்லை. எண்ணூறு பேரில் மன நிம்மதிக்காரிகளும் இருப்பார்கள். என்னைப் போல அழகாக எழுதி வாங்குகிறவர்களும் இருப்பார்கள். சின்னதாக்கினால் ஒரே ஒரு சொல்லுக்கு இடம் இருக்கும். அந்த ஒரு சொல்லை எழுத முடியாமல்தான் ஒருத்தி படிப்பை விட்டாள்.

மன்னிப்பை இன்னும் கேட்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கைப்பையில் அந்த நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. பதினோராம் பக்கத்தைத் திறந்து முழங்காலின்மேல் வைத்திருக்கிறேன். தேதி, பெயர், தொகை, எல்லாம் ஜன்னலின் கையெழுத்தில். காரணம் வெறுமை. கையெழுத்துக் கட்டம் மூன்றும் வெறுமை. முதல் கட்டத்தில் இப்போதுதான் கையெழுத்துப் போட்டேன். இதனால் யாருக்கும் ஒரு காசு போய்ச் சேரப்போவதில்லை, போன தேர்வும் திரும்பி வராது. போடும்போது எனக்கே அசிங்கமாக இருந்தது. இரண்டாவது கட்டம் ஃபேனுடையது. அவள் அன்றே போட்டிருப்பாள், யாரும் அவளிடம் நோட்டைக் கொடுக்கவில்லை.

மூன்றாவது கட்டம் காலியாக இருக்கிறது. கதவு இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. இவ்வளவு தூரம் கூட வந்தவர் நீங்கள்தான். உங்களுக்கு ஜன்னலைத் தெரியாது, சோப்பை ஒளித்துவைப்பாள் என்பதைத் தவிர. எதற்குக் கேட்டாள் என்று நான் சொல்லப்போவதில்லை, எனக்கே தெரியாது. தொகை நாலாயிரத்து இருநூறு. பென்சில் பையில் ஆறாயிரத்து எண்ணூறு இருக்கிறது. நாளைக்குள் வேண்டும் என்கிறாள்.

பேனாவை உங்கள் பக்கமாக நோட்டின்மேல் வைத்துவிட்டேன்.

ஜன்னல் மிஷினை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்க்கிறாள். "என்ன, எடுக்கவா, வைக்கவா?" என்று கேட்கிறாள்.